வாடகை வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டலாமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். 2015-இல் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா வாங்கித் தந்த அசெம்பிள்டு கம்ப்யூட்டர் இன்னும் என்னிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐ5-4460 பிராசஸர், ஹெச்81 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி டிடிஆர்3 ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பிற்பாடு நானே காசு சேர்த்துப் போட்டது ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு. மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், கேபினட்டோடு வந்ததுதான். மேலே 450 வாட்ஸ் என்று எழுதியிருக்கிறது. மானிட்டர் 18.5 அங்குலம், பின்னால் விஜிஏ மட்டும் உண்டு. விண்டோஸ் 10 போட்டிருக்கிறேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, ஜிடிஏ 5-இன் புதிய பதிப்பு, பிளாக் மித் வுகாங் ஆகிய மூன்றையும் விளையாட ஆசை. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் ஒருவர், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு எழுபதாயிரத்துக்குப் புதிதாக வாங்கச் சொல்கிறார். நண்பனோ, நல்ல கார்டு ஒன்றைச் செருகினால் போதும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி, முதலில் நன்றி. எனக்கு வரும் கடிதங்களில் பாதி, "கருப்பு கேபினட், நல்ல கம்பெனி" என்பதோடு நின்றுவிடும். நீங்கள் மதர்போர்டின் சிப்செட் வரை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்த ஹெச்81 என்ற நான்கு எழுத்துக்குள்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடைக்காரரும் சரி, நண்பரும் சரி, ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. பழைய கம்ப்யூட்டருக்குள் போடும் காசு இரண்டு வகை. ஒன்று, நாளை இந்த மதர்போர்டை விட்டுப் போகும்போது கூடவே எடுத்துக்கொண்டு போகக்கூடிய பொருளுக்கான காசு. மற்றொன்று, இந்த மதர்போர்டோடு சேர்ந்து குப்பைக்குப் போகப்போகிற பொருளுக்கான காசு. வாடகை வீட்டில் இருப்பவர் நல்ல ஃபேன் வாங்கி மாட்டலாம், காலி செய்யும்போது கழற்றிக்கொள்வார். தரைக்கு டைல்ஸ் ஒட்டினால் அது வீட்டுக்காரருக்குத்தான். உங்கள் கம்ப்யூட்டர் இப்போது ஒரு வாடகை வீடு. இன்னும் இரண்டு வருடம் தாராளமாகக் குடியிருக்கலாம். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கின் வேலையை அதைவிட வேகமாகச் செய்வது), எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு மூன்றும் ஃபேன் மாதிரி. டிடிஆர்3 ராமும் உங்களுடைய நான்காம் தலைமுறை பிராசஸரும் டைல்ஸ். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காசு செலவழிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழியுங்கள். திருப்பூரிலிருந்து எனக்குச் சர்வீசுக்கு வரும் கம்ப்யூட்டர்களைத் தூக்கிப் பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும். மற்ற ஊர்களில் தூசி என்றால் மண். உங்கள் ஊரில் பஞ்சு. பக்கத் தகட்டைக் கழற்றி, பிராசஸர் மேலிருக்கும் ஃபேனை எடுத்தால், அதன் அடியில் உள்ள அலுமினிய இதழ்களே கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையும் சாம்பலுமாகச் சின்ன ஜமுக்காளம் ஒன்று விரித்தது போல் பஞ்சு படிந்திருக்கும். சிலவற்றில் அதை ஒரு முனையைப் பிடித்து அப்படியே உரித்து எடுத்திருக்கிறேன். ஃபேன் சுற்றுகிறது, சத்தமும் வருகிறது, காற்று மட்டும் உள்ளே போவதில்லை. பிராசஸர் நூறு டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் "கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது" என்று நினைப்பீர்கள். அதற்கு மூச்சுமுட்டுகிறது, அவ்வளவுதான். பத்து வருடத்துக்கு முன் தடவிய தெர்மல் பேஸ்டும் இந்நேரம் சுண்ணாம்பாகியிருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்து ஃபேனைத் திரும்ப மாட்டுங்கள். நான்கு மூலையிலும் உள்ள பிளாஸ்டிக் ஊசிகள் 'டக்' என்று உட்கார்ந்தனவா என்று போர்டின் பின்பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று உட்காராவிட்டாலும் பழைய கதைதான். ஊதித் துடைக்கும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போய்விடும்.

சுத்தம் செய்த பிறகு ஒரு சின்னச் சோதனை. இப்போது உங்களிடம் ஓடும் ஏதாவது ஒரு விளையாட்டைத் திறந்து, ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம், வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரையின் ரெசல்யூஷனை வெகுவாகக் குறைத்து, அதே இடத்தில் மறுபடி பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் இதுவரை திணறிக்கொண்டிருந்தது கார்டு. அசையாமல் நின்றால் திணறுவது பிராசஸர். அந்த நிலையில் உலகத்தில் எந்தக் கார்டை வாங்கிச் செருகினாலும் நீங்கள் எதிர்பார்ப்பது கிடைக்காது. உங்கள் 750 டிஐ-யோடு பெரும்பாலான விளையாட்டுகளில் கார்டுதான் மாட்டிக்கொள்ளும் என்பது என் ஊகம். 2014-இல் வந்த கார்டு அது, 2 ஜிபி மெமரி. அதன் காலத்தில் கெட்டிக்காரக் கார்டு. 60 வாட்ஸ் குடித்துவிட்டு அவ்வளவு வேலை செய்தது வேறெதுவும் இல்லை. ஆனால் 2025 அக்டோபரோடு அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை அவற்றைச் செய்யும் என்விடியா நிறுத்திவிட்டது. இனிமேல் 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். அதற்கு அடுத்த தலைமுறையான 1050 டிஐ, 1060 கார்டுகளுக்கும் இதே கதிதான். ஆகவே யாராவது "1060 மலிவாகக் கிடைக்கிறது" என்று ஆசை காட்டினால், புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள்.

இனி செலவு. முதல் செலவு கார்டு இல்லை, எஸ்எஸ்டி. ஜிடிஏ 5-இன் புதிய பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. எஸ்எஸ்டி கட்டாயம் என்று அதன் அறிவிப்பிலேயே இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கில் இந்தக் காலத்து விளையாட்டுகளை ஓட்டினால், நீங்கள் குதிரையில் ஒரு ஊருக்குள் நுழைந்து அரை நிமிடம் கழித்துத்தான் அந்த ஊரின் சுவர்கள் வந்து சேரும். இடக் கணக்கையும் போட்டுவிடுவோம்: ரெட் டெட் 150 ஜிபி, வுகாங் 130, ஜிடிஏ 105. மூன்றும் சேர்ந்து 385. 500 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் போக இவை மூன்றும் ஒன்றாக உட்கார்வது நெருக்கம்தான். விளையாடும் இரண்டை மட்டும் எஸ்எஸ்டியில் வைத்து, மற்றதைப் பழைய ஹார்ட் டிஸ்கில் தூங்க விடுங்கள். விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தின் மென்பொருளில் விளையாட்டை ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதி இருக்கிறது, திரும்ப இறக்க வேண்டியதில்லை. உங்கள் போர்டில் புதுவகை எம்.2 ஸ்லாட் இருக்க வாய்ப்பில்லை, ஆகவே ஹார்ட் டிஸ்கைப் போலவே கேபிளில் மாட்டும் சாட்டா எஸ்எஸ்டி. ஹெச்81-இல் நான்கு சாட்டா போர்ட்களில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம், மற்ற இரண்டும் பாதி. பெரும்பாலும் நிறம் வேறாக இருக்கும், போர்டின் மேல் பொடி எழுத்தில் அச்சடித்தும் இருக்கும். எஸ்எஸ்டியை வேகமானதில் செருகுங்கள். இதைக் கவனிக்காமல் கையில் கிடைத்த போர்ட்டில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் எங்கள் தொழிலிலேயே நிறையப் பேர்.

அடுத்தது யாரும் கேட்க விரும்பாத பேச்சு: எஸ்எம்பிஎஸ். விளையாட்டில் இதனால் ஒரு ஃபிரேம்கூட ஏறாது. அதனால்தான் எல்லோரும் இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். இப்போது என் மேசைமேல், கேபினட்டோடு இலவசமாக வந்த ஒரு எஸ்எம்பிஎஸ் கிடக்கிறது. ஸ்டிக்கரில் பெரிதாக 450 வாட்ஸ். அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு கட்டம். அதில் 12 வோல்ட் என்று போட்டிருக்கும் இடத்துக்கு நேரே 14 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினான்கால் பெருக்குங்கள். 168 வாட்ஸ். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் குடிக்கின்றன. மீதி வாட்ஸ் எல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இந்தக் காலத்தில் அதிகம் வேலையில்லாத பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, ஸ்டிக்கரில் கூட்டல் கணக்குக்கு மட்டும் உதவுகின்றன. உங்கள் பிராசஸர் முழு வேகத்தில் 84 வாட்ஸ். அதோடு 70 வாட்ஸ் கார்டு ஒன்று சேர்ந்தால் 154. காகிதத்தில் 168-க்குள் அடங்கிவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். காகிதத்திலேயே பதினான்கு வாட்ஸ்தான் மிச்சம். அதுவும் புதிதாக இருந்தபோது அச்சடித்த எண். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் பத்துச் சித்திரை வெயிலைப் பார்த்துவிட்டன.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன், ஒரு வாடிக்கையாளர் செலவைக் குறைக்கச் சொன்னார் என்பதற்காகப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே வைத்து அவருக்குப் புதுக் கார்டு மாட்டிக் கொடுத்தேன். மே மாதம். மூன்றாவது நாள் மத்தியானம் போன் வந்தது. "பட்டாசு மாதிரி ஒரு சத்தம், பிறகு எதுவும் வரவில்லை" என்றார். திறந்து பார்த்தால் எஸ்எம்பிஎஸ் மட்டும் போகவில்லை. போகிற போக்கில் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. அவர் செலவைக் குறைக்கச் சொன்னாலும், "முடியாது" என்று சொல்ல வேண்டியது என் வேலை. போர்டுக்கு நான்தான் காசு கொடுத்தேன். அன்றிலிருந்து என் கடையில் இந்த விஷயத்தில் பேரம் கிடையாது. 450 அல்லது 550 வாட்ஸ், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை, மூன்று வருடத்துக்குக் குறையாத வாரண்டி, பெயர் தெரிந்த கம்பெனி. மூன்றிலிருந்து நான்காயிரம் ஒதுக்குங்கள். கடையில் ஸ்டிக்கரைப் படிக்கும்போது 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரை மட்டும் பாருங்கள். முப்பதுக்கு மேல் இருந்தால் நிம்மதி. அப்படிப்பட்ட ஒன்றையும் லோக்கல் எஸ்எம்பிஎஸ் ஒன்றையும் இரண்டு கையிலும் தூக்கிப் பாருங்கள், எடையே பாதி உண்மையைச் சொல்லிவிடும். இது அடுத்த கம்ப்யூட்டருக்கும் அப்படியே போகும்.

இப்போது கார்டு. இங்கேதான் ஹெச்81 வருகிறது.

கார்டைச் செருகும் நீள ஸ்லாட்டை ஒரு சாலையாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போர்டில் அது பதினாறு வழிச்சாலை. ஆனால் வேக வரம்பு பழையது: பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0. உங்கள் பிராசஸருக்கு 3.0 தெரியும், ஹெச்81 அதை விடாது; விலையைக் குறைக்க இன்டெல் போட்ட கடிவாளம் அது. 2.0-இல் ஒரு வழியில் நொடிக்கு 500 எம்பி போகும். 3.0-இல் ஏறக்குறைய இரட்டிப்பு, 4.0-இல் அதற்கும் இரட்டிப்பு. இதுவரை உங்களுக்கு இதனால் ஒரு குறையும் இருந்திருக்காது. பதினாறு வழியும் திறந்திருந்தால் 2.0-இலும் நொடிக்கு 8 ஜிபி போகுமே.

சிக்கல் எங்கே என்றால், சமீபத்திய மலிவுக் கார்டுகள் சில, பதினாறு வழிகளையும் பயன்படுத்துவதில்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க உங்களுக்கென்றே செய்தது போல் இருக்கும். 53 வாட்ஸ், தனி மின் இணைப்பு வேண்டாம், சின்ன உருவம். கடையில் முதலில் இதைத்தான் காட்டுவார்கள். இது ஓடுவது நான்கே வழியில். புதிய 4.0 போர்டில் நான்கு வழி என்றால் நொடிக்கு 8 ஜிபி, பிரச்சினை இல்லை. உங்கள் போர்டில் அதே நான்கு வழி என்றால் 2 ஜிபி. நால்வழிச்சாலைக்கென்று செய்த லாரியை வண்டித்தடத்தில் இறக்கியது போல. அதன் மெமரியும் 4 ஜிபிதான். அது நிரம்பியதும் மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து இந்தக் குறுகிய தடத்தின் வழியாகத்தான் இழுத்து வர வேண்டும். விளையாட்டு ஓடும், ஓடும், திடீரென்று ஒரு கணம் உறையும், மறுபடி ஓடும். யூடியூபில் அதே கார்டு பறக்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். அங்கே அவர்கள் செருகியிருப்பது புதிய போர்டில். அண்ணன் முறையான ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கும் இதே நான்கு வழிதான், அதற்குத் தனி மின் இணைப்பு வேறு வேண்டும். இரண்டுமே உங்களுக்கு வேண்டாம்.

என் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3050, அதிலும் 2024-இல் வந்த 6 ஜிபி வகை. 70 வாட்ஸ்தான். ஸ்லாட் தரும் 75 வாட்ஸுக்குள் அடங்குவதால் தனி மின் இணைப்பு இல்லாமலேயே ஓடும். எட்டு வழி; உங்கள் போர்டில் நொடிக்கு 4 ஜிபி. கொஞ்சம் இழப்பு இருக்கும், ஆனால் 6 ஜிபி மெமரி இருப்பதால் அடிக்கடி அந்தச் சாலைக்கு வர வேண்டிய தேவை குறைவு. பெயரில் குழம்பிவிடாதீர்கள்: 8 ஜிபி 3050 என்று இன்னொன்று இருக்கிறது, அது 130 வாட்ஸ், அதற்குத் தனி இணைப்பு உண்டு. புது எஸ்எம்பிஎஸ் இருந்தால் அதையும் ஓட்டலாம்தான், சரியான விலைக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 3050-இல் டிஎல்எஸ்எஸ் என்ற வசதி இருக்கிறது. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வித்தை. நீங்கள் கேட்ட மூன்று விளையாட்டுகளும் அதை அறியும். கார்டுக்குப் பதினேழு, பதினெட்டாயிரம் ஒதுக்கிவைத்துவிட்டு விலை விசாரியுங்கள். இந்தத் தொகை வாரத்துக்கு வாரம் ஆடும், மூன்று கடையிலாவது கேளுங்கள்.

அந்தத் தொகை அதிகம் என்று தோன்றினால், செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1650. 4 ஜிபிதான், ஆனால் பதினாறு வழி. உங்கள் போர்டோடு கச்சிதமாகப் பொருந்தும். 75 வாட்ஸ். டிரைவரும் தொடர்ந்து வருகிறது. ஆனால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஒரு பழைய மோசடி இன்னும் சாகவில்லை. ஜிடிஎக்ஸ் 550 டிஐ மாதிரி அரதப் பழைய கார்டின் பயாஸை (உள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதி, அதற்கு 1050 டிஐ என்று பெயர் சூட்டி விற்பார்கள். விண்டோஸும் ஏமாந்து அந்தப் பெயரையே காட்டும். ஜிபியு-ஸெட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் திறந்தால் பெயருக்கு முன்னாலேயே போலி என்று ஆங்கிலத்தில் போட்டுக் காட்டிவிடும். விற்கிறவர் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், இருபது நிமிடம் ஏதாவது விளையாட்டை ஓடவிட்டு உட்கார்ந்திருங்கள், டீ வாங்கித் தந்தால் குடியுங்கள், அவசரப்படாதீர்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே போய் வாங்கினாலும் இதுதான் முறை. இன்னொன்று: "4 ஜிபி கார்டு சார்" என்று ஜிடி 730-ஐ நீட்டுவார்கள். மெமரி அதிகம் என்பதால் அது பெரிய கார்டு ஆகிவிடாது. உங்களிடம் இப்போதிருக்கும் 2 ஜிபி 750 டிஐ-யே அதைவிட வேகம்.

இப்போது ஒரு பொறி. உங்கள் மானிட்டரில் விஜிஏ மட்டும். புதுக் கார்டில் விஜிஏ இருக்காது, ஹெச்டிஎம்ஐயும் டிஸ்பிளே போர்ட்டும்தான். கார்டை மாட்டிவிட்டு, பழைய கேபிளைச் செருக இடம் தேடுவீர்கள். மதர்போர்டின் பின்னால் ஒரு விஜிஏ கண்ணில் படும். "ஆகா" என்று அதில் செருகிவிடுவீர்கள். படமும் வரலாம். விளையாட்டு முன்பைவிட மோசமாக ஓடும், ஏனென்றால் படம் வரைவது பிராசஸருக்குள் இருக்கும் பொடிக் கிராபிக்ஸ். இப்படிச் செருகிவிட்டு, "நீங்கள் கொடுத்த கார்டு டூப்ளிகேட்" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. கேபிளைக் கழற்றிக் கார்டுக்கு மாற்றியதும் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைக் கார்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். வெறும் கேபிள் உதவாது. நடுவில் சிப் வைத்த பெட்டி மாதிரி இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மானிட்டரை மாற்ற அவசரம் வேண்டாம். 18.5 அங்குலம் என்றால் பெரும்பாலும் 1366க்கு 768 இருக்கும். முழு ஹெச்டியில் உள்ள புள்ளிகளில் பாதிதான் அது. கார்டுக்குப் பாதிச் சுமை. வசதியில்லாத மானிட்டர் இப்போது உங்களுக்கு நண்பன்.

ராம்: டைல்ஸ் என்றேன். ஆனாலும் ஒரு விதிவிலக்கு. ஒற்றை ஸ்டிக்கில் ஓட்டுவதால் ஒரு கையால் சோறு பிசைந்துகொண்டிருக்கிறீர்கள். செகண்ட் ஹேண்டில் இன்னொரு 8 ஜிபி, டிடிஆர்3 1600 போடுங்கள். ஆயிரத்துக்குள் கிடைத்தால் கேள்வி கேட்காமல் வாங்கலாம். ஹெச்81-இல் ஸ்லாட்டே இரண்டுதான், 16 ஜிபிதான் உச்சம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சந்தையில் சில மலிவான டிடிஆர்3 ஸ்டிக்குகள் ஏஎம்டி போர்டில் மட்டும்தான் வேலை செய்யும், இன்டெல்லில் உயிரே வராது. போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பிராசஸர்? ஐ7-4790 உங்கள் போர்டில் உட்காரும். உங்கள் 4460 ஓடுகிறதென்றால் பயாஸும் அதை ஏற்கும். நான்கு கோர், எட்டு திரெட். ஆசை காட்டும் பொருள்தான், ஆனால் சுத்தமான டைல்ஸ். அந்தக் காசைத் தனியே எடுத்துவையுங்கள். அடுத்த மதர்போர்டுக்கு அது முதல் தவணை. யாராவது நண்பர் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துப்போடும்போது சும்மா கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு என்ன ஓடும்? ரெட் டெட் ஓடும், அழகாகவே ஓடும். அது கேட்கும் குறைந்தபட்சம் ஐ5-2500கே, நீங்கள் அதற்கு மேலே. ஊருக்குள் கூட்டம் சேரும் இடங்களில் மட்டும் கொஞ்சம் தடுமாறும். ஃபிரேமை முப்பதிலோ நாற்பதிலோ கட்டிப்போட்டுவிடுங்கள். அறுபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையே துள்ளுவதைவிட நாற்பதில் நிலையாக ஓடுவது கண்ணுக்குச் சுகம். ஜிடிஏ புதிய பதிப்பு குறைந்தபட்சமே ஐ7-4770 கேட்கிறது. அமைப்புகளைத் தாழ்த்தினால் ஓடும், நகரத்துக்குள் வேகமாகக் கார் ஓட்டும்போது திணறும். பழைய பதிப்பு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் புதியது இலவசம்; பழையதும் உங்கள் கணக்கிலேயே இருக்கும். இரண்டையும் போட்டுப் பார்த்து, ஓடுவதை வைத்துக்கொள்ளுங்கள்.

வுகாங் விஷயத்தில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. அது கேட்பது ஐ5-8400, ஆறு கோர், 16 ஜிபி ராம். கார்டு சமாளிக்கும், பிராசஸர் நடுவழியில் கையை விரிக்கும். அதற்கென்று ஒரு இலவசப் பரிசோதனைப் பதிப்பு ஸ்டீமில் இருக்கிறது. விளையாட்டை வாங்கும் முன் அதை இறக்கி ஓட்டிப் பாருங்கள். அதிலேயே திணறினால் காசைத் தொடாதீர்கள். பொதுவாகவே, ஸ்டீமில் வாங்கிப் பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். இந்த விதியைப் பழைய கம்ப்யூட்டர்காரர்கள் கூச்சப்படாமல் பயன்படுத்த வேண்டும். பல பேர் அந்த இரண்டு மணி நேரத்தை அமைப்புகளைத் திருகிக்கொண்டே தாண்டிவிடுகிறார்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.

விண்டோஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விட முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தனியே பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. நான்காம் தலைமுறை பிராசஸரை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. குறுக்குவழியில் ஏற்றித் தருவதாகக் கடைகளில் சொல்வார்கள், ஏறவும் ஏறும். ஆனால் வேலோரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகள் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா, செக்யூர் பூட் என்ற பூட்டு போட்டிருக்கிறதா என்று வாசலிலேயே நிறுத்திச் சோதிக்கும். நீங்கள் கேட்ட மூன்றில் தனியாளாக ஆடும்வரை இந்தத் தொல்லை இல்லை. அதே கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறப்பீர்கள் என்றால் அதை மட்டும் போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதைக் கடைசியில் சொல்லப்போவது விளையாட்டு இல்லை, இந்த விண்டோஸ்தான்.

கடைக்காரர் சொன்ன எழுபதாயிரத்துக்கு ஏன் போகச் சொல்லவில்லை என்றால், அதற்கு ஒரு காரணம் அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ராம் விலை கண்டபடி ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உலகத்தின் மெமரி சிப்புகளை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போகின்றன. மிச்சத்துக்கு நாம் அடித்துக்கொள்கிறோம். எஸ்எஸ்டிக்கும் அந்தக் காய்ச்சல் பரவியிருக்கிறது, அதனால் அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். புது மதர்போர்டு, பிராசஸர், ராம் மூன்றையும் ஒன்றாக வாங்கும் நாள் வரும்போது எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, கார்டு மூன்றும் உங்களிடம் தயாராக இருக்கும். அன்றைக்குக் கடைக்காரர் எழுபதாயிரம் சொல்ல முடியாது. அந்தப் புதுப் போர்டில் 3050-க்குச் சாலையும் அகலமாகிவிடும், அதே கார்டு இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடுவதைப் பார்ப்பீர்கள்.

வாங்கும் வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் வராமல் கார்டைச் செருகாதீர்கள், கார்டு பார்சலில் வந்து மேசைமேல் கண்ணடித்தாலும் சரி. முதல் முறை ஆன் செய்யும்போது திரை கருப்பாகவே நின்றால் பயந்துவிட வேண்டாம். பத்து வருடப் பழைய பயாஸுக்குப் புதுக் கார்டை அடையாளம் தெரியாமல் போவது உண்டு. பழைய கார்டைத் திரும்ப மாட்டி, போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து கடைசி பயாஸை ஏற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். பயாஸ் ஏற்றும் அந்த ஐந்து நிமிடமும் யூபிஎஸ் இருக்க வேண்டும், உங்கள் ஊரில் மின்சாரம் எந்த நேரத்தில் போகும் என்று உங்களுக்கே தெரியும். சாதாரண 600 விஏ யூபிஎஸ் போதும். அது தாங்கும் 360 வாட்ஸில் உங்கள் கம்ப்யூட்டர் மொத்தமும் மானிட்டரும் சேர்ந்து அடங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சு எடுக்கும்போது, எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பிவையுங்கள். உங்களுடையதில் 12 வோல்ட்டுக்கு நேரே என்ன எண் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். என் மேசையில் இருப்பதைவிடக் குறைவாக இருந்தால் 750 டிஐ-யைக்கூட அதில் ஓட்டாதீர்கள், அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.